முன்னூறு தென்னை உயரம்

நான்காம் வகுப்பில் சுற்றாடல் பாடத்துக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். இலங்கையில் மிக உயரத்தில் இருக்கும் நகரம் எது என்பது ஒரு கேள்வி. நான் கொஞ்சமும் யோசிக்காமல் கொழும்பு என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. பக்கத்தில் 'முன்னூறு தென்னை உயரம்' என்றும் எழுதிவைத்தேன்.

டீச்சர் விடைத்தாளோடு என்னை மேசையடிக்கு அழைத்தார்.

"இத ஆர் புள்ள உனக்குச் சொன்ன?"

"மாமா."

"உங்கட மாமா என்ன வேல செய்யிறார்?"

"கடலுக்குப் போறவர். இப்ப போறல்ல."

சிரிக்க ஆரம்பித்த டீச்சர் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். புள்ளி போடவில்லை, சிவப்புப் பேனையால் வெட்டவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவர் 'இப்ப போறல்ல' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாவற்குடாவில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. அவருக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. என்னை விட மூன்று மாதம் மூத்த மச்சாள். இரண்டு பேரையும் ஒரே கிணற்றடியில் குளிப்பாட்டி, ஒரே சட்டைத் துணியில் இரண்டு சட்டை தைத்து வளர்த்ததில், எங்கள் பெயர்கள் பெரியவர்களின் வாயில் குழம்பிப் போயிருந்தன. என்னைக் கூப்பிட நினைத்து அவள் பெயரைச் சொல்வார்கள். அவளை ஏச நினைத்து என் பெயரைச் சொல்லி ஏசுவார்கள். நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: எந்தப் பெயர் கேட்டாலும், கிட்ட நிற்பவள் 'ஓம்' என்று போவது. ஏச்சு விழுந்தாலும் அவளே வாங்கிக்கொள்வது. எங்கள் வளவில் அந்தச் சட்டம் ஒருநாளும் மீறப்பட்டதில்லை.

சுனாமி வந்த அன்று காலை மாமா வலைநூல் வாங்கக் காத்தான்குடிக்குப் போயிருந்தார். அன்று நடந்ததையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது, என்னுடையது அவற்றில் சின்னது. நான் ஒரு தாழம்பற்றைக்குள் கிடந்தேன். இடது கண்ணில் தாழை முள் ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது, தூரத்தில் மாமாவின் குரல் கேட்டது. மச்சாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வழக்கமான பெயர் மாறாட்டம்தான் என்று நினைத்து, சட்டப்படி, "ஓம் மாமா, இஞ்ச இருக்கன்" என்றேன். அவர் ஓடிவந்து பற்றையை விலக்கினார். என்னைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மச்சாள் கிடைக்கவில்லை.

அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் தப்பினார்கள். அப்பாவுக்குக் கால் முறிந்தது. செங்கலடியில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் எல்லாரும் ஒதுங்கினோம். அங்கேதான் என்னுடைய அட்டகாசம் தொடங்கியது. தரையில் படுக்கமாட்டேன். மேசைக்கு மேலே ஏறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன். கிணற்றடிப் பக்கம் கூட்டிப் போனால் தெருவுக்குக் கேட்கக் கத்துவேன். வாளியில் தண்ணீர் தளும்பினாலும் ஓடுவேன். கண்ணில் கட்டோடு மேசையில் ஏறி நிற்கும் பிள்ளையைப் பார்க்க அயலில் உள்ளவர்கள் வந்துபோனார்கள்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டாக்குத்தர், கொழும்பில் ஒபரேசன் செய்யாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்றார். மற்றக் கண்ணுக்கும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கொழும்புக்கு எழுதி ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துத் தந்தார். தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

கொண்டு போகிற பொறுப்பு மாமாவுக்கு வந்தது. முதலில் நேர்வழியைத்தான் பார்த்தார். மட்டக்களப்பு ஸ்டேஷனில் என்னைப் பெஞ்சில் இருத்திவிட்டு டிக்கெட் எடுக்கப் போனார். பக்கத்தில் இருந்த நல்ல மனுஷி ஒருத்தி, என் கண் கட்டைப் பார்த்து இரங்கி, "கொழும்புக்கா மனே போறாய்? நல்ல ஊர். பின்னேரத்தில கடல்கரையில இருந்து ஐஸ்கிரீம் தின்னலாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஐஸ்கிரீம் காதில் விழவில்லை. மாமா திரும்பி வந்தபோது நான் மேடைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கையை எடுத்தால் மற்றக் கை போய்த் தூணில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவர் மணிக்கட்டைக் கடித்தும் விட்டேன். ரயில் போய்விட்டது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டில் பதிந்த என் பல்வரிசையைப் பார்த்து, "ஒரு பல்லு இன்னும் முளைக்கல்ல போல" என்றார். ஏச்சென்று வேறொன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் மாமா செங்கலடிச் சந்தியில் லொறிக்காரர்களோடு நின்றார். அவர் கேட்டுத் திரிந்தது ஒரே கேள்விதான் என்று பிற்காலத்தில் தெரியவந்தது: மலையில் ஏறுகிற ரயிலாகவும் இருக்கவேண்டும், கொழும்புக்குப் போவதாகவும் இருக்கவேண்டும், அப்படி ஒன்று உண்டா? பலர் சிரித்தார்கள். தேயிலை ஏற்றிப் பழகிய டிரைவர் ஒருவர் மட்டும் பதுளை மெயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

மாமா வந்து என் மேசைக்குக் கீழே நின்று அறிவித்தார்.

"கொழும்பு ஆருக்கு வேணும்? அந்தக் கண் டாக்குத்தரும் கடலுக்குப் பயந்தவராம். ஓடிப்போய் மலைக்கு மேல இருக்கிறார். நாம அங்கதான் போறம். ரயில் ராவு முழுக்க ஏறும்."

"இறங்காதா?"

"ஏறுற ரயில் என்னத்துக்கு மனே இறங்குது?"

இதில் என்னைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மேடு என்றால் வயல் வரம்பு. அதைவிட்டால் கறையான் புற்று. எதைப் பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டை. ஏறின ஒன்று இறங்கும் என்று எங்கள் கால்களுக்குத் தெரிய வழியில்லை. மாமாவும் அதுவரை மலையைக் கண்டவரல்லர், ரயிலில் தூரம் போனவருமல்லர். ஆனால் அவர் கடலில் கரையே தெரியாத இடத்தில் நின்று கரை எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவர். தெரியாததைத் தெரிந்தவர் போலச் சொல்வதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பதுளைக்குப் போகும் விடியற்காலை பஸ்ஸில் ஏறினோம். மாமாவின் கையில் ஒரு துணிப்பை, மறு கையில் ஒரு சட்டி எருமைத் தயிர். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் கிடையாது. எருமைப் பட்டிக்காரரிடம் சொல்லிவைத்து, சட்டி முட்ட உறைய வைத்து, வாயில் கடதாசி போட்டுக் கட்டி வாங்கியிருந்தார். சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஆனாலும் வழியில் எத்தனை காவலரண் உண்டோ அத்தனை இடத்திலும் அந்தச் சட்டி இறங்கி ஏறியது. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் கடதாசியைத் தூக்கி மணந்து பார்த்தார். "கொழும்பு போய்ச் சேரமுன்…" என்று சொல்ல வந்த மாமா என்னைக் கண்டு, "மலை போய்ச் சேரமுன் இவங்க தயிர மூச்சாலயே குடிச்சிருவானுகள்" என்றார்.

பதுளையில் பின்னேரம் ரயில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பு. பொங்கல் முடிந்து திரும்புகிற கூட்டம். எப்படியோ ஜன்னலோரம் இரண்டு இடம் கிடைத்தது. நானும் மாமாவும் ரயில் போகிற திசையைப் பார்த்து இருந்தோம். எங்களுக்கு முன்னால், முகத்துக்கு முகம், இரண்டு பேர். ஒருவர் காத்தான்குடித் துணி வியாபாரி. தலையில் வெள்ளைத் தொப்பி, மடியில் கணக்கில்லாத பொதிகள். மாமா அவரைக் கண்டதுமே "காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொந்தம் கொண்டாடிவிட்டார். மற்றவர் தேயிலைத் தோட்டத்துப் பெண். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாராம். பொங்கலுக்கு வந்து திரும்புகிறார். தயிர்ச் சட்டி எங்கள் தலைகளுக்கு மேலே, சாமான் வைக்கிற கம்பித்தட்டின் நடுவில் உட்கார்ந்தது.

தெமோதரைக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ரயில் ஒரு குகைக்குள் நுழைந்து, வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றியது. மாமா என்னை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கச் சொன்னார். கீழே, எங்கள் காலுக்கு நேர் கீழே, ஒரு குகைவாய் தெரிந்தது.

"கண்டியா? அதுக்குள்ளாலதான் இப்ப வந்த நாம. இப்ப அதுக்கு மேல நிக்கிறம்."

ஒரு கண்ணால் பார்த்தேன். உண்மைதான். ஒரு ரயில் தன் தலைக்கு மேலேயே தான் ஏறி நிற்பதை என் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு மாமா என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தேன். இன்று நினைத்தால், என்னை விட மாமாதான் அதிகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

தோட்டத்து அக்கா என் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார். "பாப்பா ஒங்க மகளாங்கண்ணே?"

"ஓம்" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. "மகள் இல்ல, மருமகள்" என்று திருத்தினேன். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிற பிள்ளை அல்லவா? "மாமாட மகள் என்ட மச்சாள். அவ கடலோட போயிட்டா. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அதான் மலைக்குப் போறம். ரயில் ராவு முழுக்க ஏறும்."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காக்கா தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருப்பது போல உற்றுப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். மாமா தன் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காக்கா கனைத்தார்.

"ஓம் மகள். ராவு முழுக்க ஏறும். நான் மாசம் ரெண்டு தரம் போறவன். ஏறி ஏறி எனக்கே அலுத்துப் போயிற்று."

"ஆமா பாப்பா" என்று அக்காவும் சேர்ந்துகொண்டார். "மேல போகப் போக காதடைக்கும். பயந்துறாத."

அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஏன் திடீரென்று என்னோடு இவ்வளவு பேசத் தொடங்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசியதால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புத்தளை தாண்டியதும் குளிர் பிடித்துக்கொண்டது. நாங்கள் குளிர்ச் சட்டை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிராத ஊரார். மாமா சாரனைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பொதிக்குள் வைத்த பூசணிக்காய் போல இருந்தார். அக்கா தன் கம்பளிக்குள் என்னை எடுத்துக்கொண்டார். பட்டிப்பொலையில் ரயில் நின்றபோது காக்கா என்னை ஜன்னலருகே தூக்கி, விளக்கடியில் இருந்த பலகையை வாசிக்கச் சொன்னார். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி.

"கடல் மட்டம் எண்டா?"

"கடல்ட தல இருக்கிற இடம்" என்றார் காக்கா. "அதுக்கு மேல ஆறாயிரம் அடி நிக்கிறம்."

ஆறாயிரம் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அலை எங்கள் வளவுத் தென்னையின் வட்டுவரை, ஓலை தொடங்கும் இடம்வரை, வந்தது; அந்த அளவு மட்டும்தான் எனக்குத் தெரியும். மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒரு தென்ன அறுவது அடி எண்டு வை மனே. நூறு தென்னைய ஒண்டுக்கு மேல ஒண்டு நட்டா எவ்வளவோ, அவ்வளவு உசரம்."

நூறு தென்னை. நான் மனதுக்குள் நட்டுப் பார்த்தேன். எழுபதாவது தென்னையில் எனக்குத் தலை சுற்றியது. அலைக்குப் பிறகு முதல் தடவையாகக் கால்களைக் கீழே தொங்கவிட்டேன்.

பட்டிப்பொலைக்குப் பிறகு அந்தப் பாதையில் ஏற்றம் இல்லை. விடியும் வரை இறக்கம்தான், கடைசியில் கடல். அது பெட்டியில் என்னையும் மாமாவையும் தவிர எல்லாருக்கும் தெரியும். கொஞ்சத்தில் மாமாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். எஞ்சினின் முக்கல் நின்று, ரயில் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"என்ன மாமா இவ்வளவு வேகம்?"

"இவ்வளவு நேரம் ஏறினதில எஞ்சினுக்குப் பழகிற்று."

டிக்கெட் பார்க்க வந்த சிங்களவரின் காதில் காக்கா ஏதோ குனிந்து சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். டிக்கெட்டைத் துளைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "துவ, இன்னும் மேல. மேல, மேல" என்று கையை உயர்த்திக் காட்டினார். துவ என்றால் மகள். போகிறபோது, பனி வருகிறது என்று சைகை செய்து எங்கள் ஜன்னல் பலகையை இழுத்து மூடிவிட்டும் போனார். அடுத்த ஸ்டேஷன்களின் உயரப் பலகைகளை நான் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக மாமா அறிவித்துக்கொண்டு வந்தார். நூற்றிப் பத்து தென்னை. நூற்றி இருபத்தைந்து தென்னை.

குளிர் குறையத் தொடங்கியது. கம்பளிக்குள் எனக்கு வேர்த்தது. "மேல போனா குளிரும் எண்டீங்க" என்றேன்.

காக்கா ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "அது நூறு தென்னை மட்டும். அதுக்கு மேல சூரியனுக்குக் கிட்டப் போறம் தானே? சுடும்."

எவ்வளவு சரியான நியாயம்! இப்போதும் அதில் பிழை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தயிர்ச் சட்டி வாயைத் திறக்கும் வரை.

பதுளையிலிருந்து ஏறி வந்தபோது முழுதும், சட்டியில் ஊறிய தயிர்த் தண்ணீர் கடதாசி ஓரத்தால் கசிந்து, எங்கள் பக்கமாக மாமாவின் தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மாமா துவாயால் துடைத்துக்கொண்டே வந்தார். இப்போது அவர் தோள் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு காக்காவின் தொப்பியில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. இன்னொன்று விழுந்தது. நான் சட்டியைப் பார்த்தேன், தொப்பியைப் பார்த்தேன். சட்டியை யாரும் அசைக்கவில்லை.

"மாமா," என்றேன், "ஏறக்குள்ள தண்ணி எங்கட பக்கம் வந்த. இப்ப அங்கால போகுது. ரயில் இறங்குது."

யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதுமாக இருந்தது. நான் கம்பளியை உதறிவிட்டு, கால்களுக்கிடையில் புகுந்து, திறந்திருந்த கதவை நோக்கி ஓடினேன். வெளியே இருட்டு பறந்துகொண்டிருந்தது. குதித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தண்ணீருக்குப் போய்ச் சேருவதை விட எனக்கு அது சரியாகப்பட்டது. கதவுக் கம்பியில் என் கை பட்டபோது மாமாவின் கை என் சட்டை முதுகைப் பிடித்தது. அவர் என்னைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவர் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. ரயில் ஆட்டம் என்று நினைத்தேன்.

நான் கத்துவதைக் காக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, நனைந்த இடத்தை முகர்ந்து பார்த்து, நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்பவர் போலச் சொன்னார்.

"மகள், இதில ரயிலுக்குப் பிழையில்ல. தயிருக்குத்தான் பிழை. குளிருக்கு இறுகிக் கிடந்த சாமான், சூடு பட்டதும் இளகிக் கண்டபடி ஓடுது. ஒரு தயிர்ட பேச்சக் கேட்டு ரயிலக் குற்றம் சொல்லலாமா?"

"இவ்வளவு தூரம் சுமந்து வந்தன், எனக்கே துரோகம் செய்யுது பாத்தியா மனே" என்றார் மாமா.

"சட்டிய எறக்குங்கண்ணே" என்றார் தோட்டத்து அக்கா. "பாப்பாவுக்குப் பசி. பசிச்சா எல்லாம் எறங்குற மாதிரிதான் இருக்கும்."

மாமா சட்டியை இறக்கினார். டாக்குத்தருக்கென்று வந்த தயிர். ஒரு கணமும் யோசிக்காமல் கடதாசியைக் கிழித்தார். அக்கா ரொட்டி எடுத்தார். காக்கா தன் பொதியிலிருந்து சீனி எடுத்தார். பக்கத்து இருக்கைகளிலிருந்து கோப்பைகள் நீண்டன. தெரியாதவர்கள், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், நடு இரவில் எழுந்து உட்கார்ந்து தயிர் தின்றார்கள். வேண்டாம் என்றவர்களுக்கும் காக்கா கண்ணைக் காட்டினார், அவர்களும் தின்றார்கள். இனிமேல் எந்தப் பக்கமும் சொட்டுவதற்கு ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது என்பதில் அந்தப் பெட்டி ஒரே மனதாக இருந்தது. கடைசியில் அக்கா ரொட்டித் துண்டால் சட்டியைத் துடைத்து என் வாயில் வைத்தார்.

நானும் தோற்றுப்போனேன். வயிறு நிறைந்ததும் ரயில் மறுபடி ஏறத் தொடங்கியது.

காக்காவும் அக்காவும் மாமாவும் எழுந்து நின்று, ஒரு முழு இருக்கையை எனக்கு விட்டார்கள். நான் கால் நீட்டிப் படுத்தேன். அலை வந்த நாளுக்குப் பிறகு படுத்துத் தூங்கியது அன்றுதான். இடையில் ஒருதரம் விழித்தேன். எல்லாரும் அங்கங்கே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் என் இருக்கைக்குக் கீழே நிலத்தில் இருந்தார். நான் புரண்டு விழாதபடி ஒரு கையை விளிம்பில் அணையாக வைத்திருந்தார். வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. "இருநூற்றிப் பத்து… இருநூற்றி இருபது…" கேட்க யாரும் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டிருந்தார். கணக்குத் தவறிவிடக்கூடாது என்றுதான் எண்ணுகிறார் என்று நினைத்து, நிம்மதியாக மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது காக்கா என் தலையில் கை வைத்தார். "முன்னூறு தென்னை மகள். சரியா முன்னூறு." அக்கா கம்பளியை என் தோளில் போட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். அதைக் கண்டு மாமா பின்னால் ஓடினார், பிடிக்க முடியவில்லை. அந்தக் கம்பளி இன்றும் என்னிடம் இருக்கிறது. மட்டக்களப்பு வெயிலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒபரேசன் நடந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அந்த மலை உச்சியைக் கொழும்பு என்றார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மாமா வெறும் சட்டியை டாக்குத்தரிடம் காட்டி, "உங்களுக்குத்தான் ஐயா கொண்டு வந்த. வழியில சாட்சி சொல்ல வெளிக்கிட்டுது, தின்னவேண்டியதாப் போயிற்று" என்று மன்னிப்புக் கேட்டார். டாக்குத்தருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கட்டு அவிழ்த்த அன்று அவர் விரல்களைக் காட்டினார். நான் எண்ணிச் சொன்னேன். மாமா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரமே மாமா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஒரு பெரிய புல்வெளிக்கு வந்தோம். பட்டங்கள் பறந்தன. அதன் முடிவில் அது கிடந்தது.

நான் மாமாவின் பின்னால் ஒதுங்கினேன். "மாமா, அது கடல்" என்றேன்.

"ஓம்."

"இவ்வளவு உசரத்துக்கு எப்பிடி வந்த?"

மாமா சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார். "ஏறித்தான் வந்திருக்கு. முன்னூறு தென்னை ஏறினா ஆருக்குத்தான் களைக்காது? பார், எழும்ப ஏலாமக் கிடக்கு. மூச்சு வாங்குது."

பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அது உண்மையாகவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் கிடந்தது. வருவதும் போவதும், வருவதும் போவதும். எங்கள் தென்னை வட்டுவரை எழும்பி நின்றதா இது?

"போய்க் காலால தொட்டுப் பார் மனே. ஒண்டும் செய்யாது."

படியிறங்கிப் போனேன். நுரை வந்து காலைத் தொட்டது. பாவம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா வரவில்லை. கரையே தெரியாத இடம்வரை போய் வந்த மாமா, புல்லின் விளிம்பில், பையோடும் சட்டியோடும் நின்றார்.

"வாங்க மாமா! ஒண்டும் செய்யாது!"

"சட்டிய ஆர் பாக்கிற?" என்றார்.

வெறும் சட்டியைக் களவெடுக்க யார் வரப்போகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் மறுபடி தோணியில் கால் வைத்தது சண்டை முடிந்த வருடத்தில்தான். அதுவும் அலையில்லாத வாவியில்.

நான் இன்னும் இரண்டடி இறங்கினேன். கொஞ்சம் பெரிய அலை ஒன்று வந்து முழங்காலைப் பிடித்தது. அப்போது பின்னால் மாமா கூப்பிட்டார். அந்தப் புல்வெளியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கூப்பிட்டார். மச்சாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கிட்ட நின்றவள் நான்தானே. "ஓம் மாமா" என்று ஓடிவந்தேன்.

வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "மறுகாவும் பேர் மாறிட்டு மாமா."

"ஓம் மனே," என்றார் மாமா. "மாறிட்டு."

"வயசு போனா அப்பிடித்தான்" என்றேன், பெரிய மனுஷி போல.

மாமாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.